சிப்பிகளில் காலநிலை கற்ற பேரறிஞர் சேர் வில்லியம் டோசன்

மொன்றியல் நகரின் நடுவே எழுந்து நிற்கும் மவுண்ட் ராயல் மலையை நாம் அனைவரும் அறிவோம். அம்மலைச் சரிவின் மண்ணிலே கடற்சிப்பிகள் புதைந்து கிடந்தன என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? கடலோ இங்கிருந்து பல நூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அவ்வாறாயின் அச்சிப்பிகள் மலையேறியது எவ்வாறு? இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்தவர், மக்கில் பல்கலைக்கழகத்தின் அதிபராக 38 ஆண்டுகள் விளங்கிய சேர் ஜோன் வில்லியம் டோசன் ஆவார்.

டோசன் 1820ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் நாள் நோவா ஸ்கோசியாவிலுள்ள பிக்டூ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஸ்கொட்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்து புத்தக வணிகம் செய்தவர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, ஊரிலுள்ள மென்பாறையில் இலையின் தடம் பதிந்திருப்பதைக் கண்டு வியந்த டோசன், அன்று முதல் உயிர்ச்சுவடுகளைத் தேடிச் சேர்க்கலானார். எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குக் கற்கச் சென்றவர், பணமுடையால் விரைவில் ஊர் திரும்ப நேர்ந்தது. ஆயினும் கல்வியைக் கைவிட்டாரல்லர். 1842இல் நோவா ஸ்கோசியாவுக்கு வந்த புகழ்பெற்ற புவிச்சரிதவியலாளர் சாள்ஸ் லயலின் நட்பைப் பெற்றார். 1852இல் இருவரும் ஜொகின்ஸ் கடற்பாறைகளில், கல்லாகிப்போன மரத்தண்டின் உள்ளே தொல்விலங்குகளின் எலும்புகளைக் கண்டெடுத்தனர். இன்று உறைபனி மூடும் அந்நிலம், 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமான சதுப்புக் காடாக இருந்தது.

1855இல் டோசன் மக்கிலின் அதிபரானபோது, அங்கே முற்றுப்பெறாத கட்டடங்களும் களை மண்டிய நிலமுமே அவரை வரவேற்றன. அவர் பாடம் கற்பித்தார், நிதி திரட்டினார், வளாகத்தில் மரங்களை நட்டார். 1884இல் பெண்களுக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. அவருடைய சேகரிப்புகளைப் பேணுவதற்காகப் பீற்றர் றெட்பாத் என்னும் வணிகர் கட்டிக்கொடுத்த றெட்பாத் அருங்காட்சியகம் 1882இல் திறக்கப்பட்டது. அக்கட்டடம் இன்றும் மக்கில் வளாகத்தில் நிற்கின்றது.

இத்தனை பணிகளுக்கிடையிலும், செங்கற்சூளைகளுக்காக மண் வெட்டிய குழிகளில் இறங்கி, களிமண்ணிலிருந்து சிப்பிகளைப் பொறுக்கினார் டோசன். அவற்றை இக்காலத்துச் சென்ற் லோறன்ஸ் வளைகுடாவிலும் லாப்ரடோர்க் கரையிலும் வாழும் சிப்பிகளோடு ஒப்பிட்டார். குளிர்ந்த நீரில் வாழும் இனங்களே களிமண்ணில் மிகுந்திருந்தன. எனவே மொன்றியல் ஒருகாலத்தில் குளிர்கடலின் அடித்தளமாக இருந்தது எனத் தெளிந்தார். இறந்த உயிரின் ஓட்டைக் கொண்டு இறந்த காலத்தின் குளிரை அளக்கும் வழி இதுவே.

ஆயினும் ஓரிடத்தில் அவர் தவறினார். முன்னொரு காலத்தில் பெரும் பனிக்கட்டிப் படலங்கள் நிலத்தை மூடியிருந்தன என லூயி அகசீ முதலிய அறிஞர் கூறியதை டோசன் ஏற்கவில்லை. மிதந்து வந்த பனிப்பாறைகளே கற்களைச் சுமந்து வந்தன; நிலம் கடலுள் அமிழ்ந்திருந்தது என்பதற்குச் சிப்பிகளே சான்று என வாதிட்டார். 1893இல் வெளிவந்த கனடாவின் பனியுகம் பற்றிய தமது நூலிலும் அக்கருத்தையே வலியுறுத்தினார். டார்வினின் கூர்ப்புக் கொள்கையையும் அவர் இறுதிவரை ஏற்றாரல்லர். 1899ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் மொன்றியலிலே காலமானார்.

பின்வந்த அறிவியல் இரு தரப்பையும் இணைத்தது. ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடைய பனிக்கட்டி இந்நிலத்தை அழுத்தித் தாழ்த்தியது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் பின்வாங்கவே, தாழ்ந்த நிலத்துள் அத்திலாந்திக் கடல் புகுந்தது. சாம்பிளேன் கடல் எனப்படும் அக்கடலில் திமிங்கிலங்களும் நீந்தின. பாரம் நீங்கிய நிலம் மெல்ல மெல்ல உயர, கடல் வடிந்தது. சிப்பிகள் மலைச் சரிவில் எஞ்சின. டோசன் தம் கருத்துக்குச் சான்றாகச் சேர்த்த சிப்பிகளே அக்கருத்தைத் திருத்தவும் உதவின.

அதே பனியுகத்தில் நீர் பனிக்கட்டியாக நிலத்தில் உறைந்தமையால், உலகக் கடல்மட்டம் சுமார் 120 மீற்றர் தாழ்ந்தது. அப்போது ஈழமும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. எமது தாயகத்தின் கரையும் நாம் குடியேறிய நகரின் களிமண்ணும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் அல்லவா?

இன்று மக்கிலிலும், மொன்றியலிலுள்ள கியூபெக் பல்கலைக்கழகத்திலும் பட்டப்பின் ஆய்வு மாணவர்கள், ஏரிகளிலும் கடலடியிலும் துளைத்தெடுத்த சேற்றிலுள்ள நுண்ணிய ஓடுகளை ஆராய்ந்து பண்டைக் காலநிலையை அறிகின்றனர். புவி வெப்பமடைந்து வரும் இந்நாளில், பனி முன்னர் எவ்வளவு விரைவாக உருகியது, கடல் எவ்வளவு உயர்ந்தது என்பன வெறும் பழங்கதைகளல்ல. எம் பிள்ளைகளின் வருங்காலம் பற்றிய வினாக்கள்.

மாணவச் செல்வங்களே, அறிஞரின் விளக்கம் பிழைக்கலாம். அவர் நேர்மையாகச் சேர்த்துப் பேணிய சான்று பிழைப்பதில்லை. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஆற்றங்கரையிலிருந்து ஒரு கல்லையோ சிப்பியையோ வீட்டுக்குக் கொண்டுவந்தால், குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். அது எங்கே கிடைத்தது, என்று கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி வைக்கக் கற்றுக்கொடுங்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகின்றது.