சுல்தான் கான்

2024ஆம் ஆண்டு டிசம்பரில் செந்தோசாவில் நடைபெற்ற உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் வாகை சூடினார். புளோக்குகளின் கீழ்த்தளத்தில் உள்ள சதுரங்க மேசைகளில் ஆடிப் பழகிய பலரும் அவரை அறிவர். அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொருவர் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றதை அறிந்தவர் குறைவு. அவர் மீர் சுல்தான் கான். பட்டம் வந்தபோது அவர் மறைந்து ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று பாகிஸ்தானில் உள்ள மிட்டா திவானா என்னும் ஊரில் பிறந்த சுல்தான் கான், ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். 1928இல் அனைத்திந்தியப் போட்டியில் வென்றார். அடுத்த ஆண்டு, அவரை ஆதரித்த நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் தம்முடன் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே அவர் ஆட்டத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் செல்லும். ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறும் வழக்கமும் இல்லை. ராஜா ஒருமுறை மட்டும் குதிரையைப் போலத் தாவலாம். ஐரோப்பியர்களோ ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை நூல்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள். அதனால் தொடக்கத்தில் சுல்தான் கான் பெரும்பாலும் பின்தங்கினார். காய்கள் குறைந்த பிறகு, இறுதிக் கட்டத்தில், அவரை வெல்வது கடினம். இங்கிலாந்தின் குளிரும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவாலும் தொண்டை நோயாலும் அவதிப்பட்டு, சில வேளைகளில் தொண்டையில் கட்டுடன் ஆடினார்.

ஆயினும் லண்டனை அடைந்த சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் வெற்றியாளர் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய போட்டியில், முன்னாள் உலக வெற்றியாளர் காப்பபிளாங்காவை 65 நகர்த்தல்களில் தோற்கடித்தார். மெல்ல மெல்ல நெருக்கி, எதிராளிக்கு நகர்த்த நல்ல இடமே இல்லாமல் செய்த ஆட்டம் அது. மூன்று ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடினார். அவற்றுள் ஒன்றில், 1931இல் பிராக் நகரில், புகழ்பெற்ற ருபின்ஸ்டைனையும் வென்றார்.

1933ஆம் ஆண்டின் இறுதியில் உமர் ஹயாத் கான் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். அவருடைய ஐரோப்பிய ஆட்டம் ஐந்து ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. பின்னர் அவர் சர்கோதாவுக்கு அருகே தம் நிலத்தைக் கவனித்து வாழ்ந்தார். 1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. ருபின்ஸ்டைனுக்கு அது கிடைத்தது. உயிரோடு இருந்த சுல்தான் கானின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அவரைப் பற்றி எழுதிய பலர், எழுதப் படிக்கத் தெரியாத வேலையாள் என்றே அவரைக் குறிப்பிட்டனர். குடும்பத்தார் அதை மறுத்துள்ளனர். அவர் மறைந்தபின் பிறர் எழுதியதே நெடுங்காலம் நிலைத்தது.

1966ஆம் ஆண்டு ஏப்ரலில், காசநோயால் சர்கோதாவில் அவர் காலமானார். தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் பயிற்றுவிக்கவில்லை. அதைவிடப் பயனுள்ள எதையாவது செய்யுமாறு அவர் சொன்னதாக மூத்த மகன் நினைவுகூர்ந்தார்.