சூடான காற்றுக்குக் கடிவாளம் போட்டவர்

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? இருபது தடவை அடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும்!

காற்றை அமுக்கினால் அது சூடாகும். இந்தச் சின்ன விஷயம், இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. அதைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர், ஸ்டான்லி ஹூக்கர்.

கணக்குப் புலி

இவர் 1907ம் ஆண்டு இங்கிலாந்தில் ஷீர்னஸ் என்ற ஊரில் பிறந்தார். கணக்கில் புலி. லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்பானர் பிடித்துப் பழகியவர் அல்ல.

1938ல் டெர்பி நகரில் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அவருக்கு இன்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை! சும்மா இருக்கப் பிடிக்காமல் கம்பெனிக்குள் சுற்றி வந்தார். சூப்பர்சார்ஜரைச் சோதித்த கணக்குகள் அவர் கண்ணில் பட்டன.

சூப்பர்சார்ஜர் என்பது, என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி. காற்று அதிகமாகப் போனால், பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம். சக்தி கூடும். 20 ஆயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம், தரையில் இருப்பதில் பாதி கூடக் கிடையாது. அங்கே பறக்கும் போர் விமானத்துக்கு இந்தக் கருவிதான் உயிர்நாடி.

அதன் அமைப்பில் குறை இருப்பதை ஹூக்கர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். நேற்று வந்தவன் குறை சொல்வதா என்று அவர் கோபித்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ அந்த வேலையையே ஹூக்கரிடம் ஒப்படைத்து விட்டார்!

திணறிய ஸ்பிட்பயர்

1941ல் ஜெர்மனியின் புதிய போர் விமானம் போக்கே-உல்ப் 190 வந்தது. இங்கிலாந்தின் ஸ்பிட்பயர் விமானங்கள் ஈடு கொடுக்க முடியாமல் திணறின. விமானிகள் பலர் மாண்டனர்.

காற்றை ஒரு தடவை அமுக்கினால் போதாது. இரண்டு தடவை அமுக்க வேண்டும். ஆனால், அப்படி அமுக்கியபோது காற்று கொதிநீரை விட அதிகமாகச் சூடேறியது. சூடான காற்று விரியும். என்ஜினுக்குள் குறைவாகவே போகும். அது மட்டுமா? பெட்ரோல் கலவை தறிகெட்டு வெடித்து, பிஸ்டனையே உடைத்து விடும்.

இதற்கு ஒரு வழி செய்தார்கள். சூப்பர்சார்ஜருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு பெட்டி. பெட்டிக்குள் குழாய்கள். குழாய்களில் குளிர்ந்த திரவம் ஓடும். காற்று அவற்றை உரசிக்கொண்டு போகும்போது, சூட்டை அங்கேயே விட்டுச் செல்லும். திரவத்தை ஆற்றுவதற்குத் தனி ரேடியேட்டர், தனி பம்பு!

இந்த மெர்லின் 61 என்ஜின், முதலில் குண்டு வீச்சு விமானத்துக்காக உருவானது. அதை ஸ்பிட்பயரில் பொருத்தினார்கள். வேகம் மணிக்கு 400 மைலைத் தாண்டியது. 1942 ஜூலையில் போருக்குப் புறப்பட்ட அந்த விமானங்கள், எதிரிக்குச் சரிசமமாக நின்றன.

இன்றும் சூப்பர்சார்ஜர் பூட்டிய பல பந்தயக் கார்களில் இதே ஏற்பாடுதான். விடாமல் வேகமாக ஓட்டினால் அந்தத் திரவமும் சூடேறி விடும். அப்போது காரில் உள்ள கம்ப்யூட்டர், சக்தியைக் குறைத்து என்ஜினைக் காப்பாற்றும்.

ஹூக்கர் பிறகு ஜெட் என்ஜின் பக்கம் போனார். 1974ல் சர் பட்டம் பெற்றார். 1984ல் காலமானார். அந்த ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, தாம் அப்படியொன்றும் பெரிய என்ஜினீயர் அல்ல என்ற பொருளில்தான் அவர் பெயர் வைத்திருந்தார்.