காயலுக்கு வந்த வெனிஸ் வாலிபர்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே பழையகாயல் இருக்கிறது. 700 ஆண்டுகளுக்கு முன் அது பாண்டியர்களின் பெரிய துறைமுகம். அதை உலகுக்குச் சொன்னவர் மார்க்கோ போலோ.

1254-ல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தவர் அவர். வணிகத்துக்காகத் தூரதேசம் போன தந்தை திரும்பி வந்தபோது மகனுக்கு வயது 15. தாய் உயிரோடு இல்லை.

1271-ல் மகனையும் அழைத்துக்கொண்டு தந்தை மறுபடி புறப்பட்டார். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் லாயாஸ் துறைமுகம். அங்கிருந்து தரை வழியாகச் சீனாவுக்குப் பயணம்! அந்த லாயாஸ் இன்று துருக்கியில் ஒரு சிற்றூர். யுமுர்தாலிக் என்று பெயர். வெனிஸைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்?

சீனச் சக்கரவர்த்தி குப்ளாய்கானிடம் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு, கடல் வழியாகத் திரும்பும்போது நம் கரைக்கு வந்தார்.

முத்துக்குளிப்பை அவர் விவரமாகச் சொல்லியிருக்கிறார். முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு. இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், திருடன் முங்காமலிருக்க! பலே காவல்தான்.

கப்பல் கப்பலாகக் காயலில் இறங்கிய குதிரைகள், வளர்க்கத் தெரியாதவர்கள் கையில் மடிந்ததையும் அவர் விடவில்லை.

போரில் பிடிபட்ட அவர் 1298-ல் ஜினோவா நகரில் சிறையில் இருந்தார். உடனிருந்த கைதி ருஸ்டிசெல்லோ, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். சிறை வாய்க்காவிட்டால் புத்தகம் ஏது?

1324-ல் மார்க்கோ போலோ காலமானார். பிற்காலத்தில் கால்டுவெல் பாதிரியார் பழையகாயலுக்கு வந்தார். கடல் விலகிப் போயிருந்தது. மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடந்தன.