காலம் கணித்த தமிழர்

சோழர் கல்வெட்டுக்கள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு, ஞாயிறு நின்ற இராசி, திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை இருக்கும்; சகாப்தம் இராது. வேறு சில சக ஆண்டையும், சில கலியாண்டையும், சில கொல்லமாண்டையும் கூறும். ‘பிரபவ’ என்று மட்டும் பொறித்திருந்தாலோ, அப்பெயர் அறுபதாண்டுக்கொருமுறை திரும்பி வருவது! இவற்றை ஆங்கிலத் தேதியாக மாற்ற வழி வகுத்த பெருமக்களுள் ஒருவர் திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925).

அரசாங்க உத்தியோகத்தின் சுமைக்கிடையே அவர் 1911-இல் ‘இந்தியன் கிரானாலஜி’ என்னும் நூலை வெளியிட்டார். 1922-இல் வந்த ‘இந்தியன் எபிமெரிஸ்’ கி.பி. 700 முதல் 1799 வரை, 1100 ஆண்டுகளுக்கு நாள்தோறும் திதியும் நட்சத்திரமும் தந்தது.

திதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் ஒரே நாளில் கூடினால்தான் தேதி உறுதி. கூடாவிடின் கணக்கிலோ கல்லிலோ பிழை.

சிலப்பதிகாரத்துக்கு அவர் கணித்த காலம் கி.பி. 756. அதனை அறிஞர் பலர் ஏற்கவில்லை. காப்பியத்தில் வரும் நாட்குறிப்பு வரலாற்றுச் சான்றாகுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

1924-இல் சென்னைச் சட்டமன்றத் தலைவரான பிள்ளையவர்கள், மறு ஆண்டு அப்பதவியிலிருக்கும்போதே மறைந்தார்.

இன்று கணிப்பொறி நொடியில் தேதியை மாற்றித் தருகிறது. ஆயினும் கொடுத்த குறிப்பு மெய்தானா என்று அது தானே கேளாது. நிரல் எழுதும் மாணவ நண்பர்களே, அந்த வினாவையும் அதனுள் எழுதிவைத்தல் நம் கடமையன்றோ!