சாமுவேல் ஐன்ரிக் சுவாபே

சாமுவேல் ஐன்ரிக் சுவாபே (அக்டோபர் 25, 1789 – ஏப்ரல் 11, 1875) ஒரு ஜெர்மானியத் தொழில்சாரா வானியலாளர் ஆவார். மருந்தாளராகப் பணியாற்றிய இவர், சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை காலமுறைப்படி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

சுவாபே ஜெர்மனியின் டெசாவு நகரில் பிறந்தார். பெர்லினில் கல்வி பயின்றபின் ஊர் திரும்பிக் குடும்பத்துக்கு உரிய மருந்துக்கடையை நடத்தினார். வானியலிலும் தாவரவியலிலும் ஆர்வம் கொண்டிருந்த இவர், 1829 ஆம் ஆண்டில் கடையை விற்றுவிட்டு முழுநேரமும் ஆய்வில் ஈடுபட்டார். வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளி இடம்பெறும் தொடக்ககால வரைபடங்களுள் ஒன்றை 1831 இல் வரைந்தார்.

சூரியப் புள்ளி ஆய்வு

புதன் கோளின் சுற்றுப்பாதைக்கு உள்ளே மற்றொரு கோள் இருக்கக்கூடும் என அக்காலத்தில் சிலர் கருதினர். அத்தகைய கோள் சூரிய வட்டத்தைக் கடக்கும்போது சிறு கரும்பொட்டாகத் தெரியும். அதனைச் சூரியப் புள்ளிகளிலிருந்து பிரித்தறிய வேண்டுமாயின், அப்புள்ளிகள் அனைத்தையும் நாள்தோறும் குறித்துவைத்தல் இன்றியமையாதது. 1826 முதல் வானம் தெளிவாக இருந்த நாட்களில் எல்லாம் சுவாபே இப்பணியைச் செய்துவந்தார்.

தேடிய கோள் கிடைக்கவில்லை. அவ்வாறான கோள் இல்லை என்பது பிற்காலத்தில் உறுதியானது. ஆயினும் சேர்ந்திருந்த குறிப்புகளில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. 1828, 1837 ஆகிய ஆண்டுகளில் இவர் நோக்கிய நாட்களில் புள்ளியற்ற நாள் ஒன்றுகூட இல்லை. 1833 இலோ நோக்கிய 267 நாட்களில் 139 நாட்கள் புள்ளியற்றிருந்தன. இதனடிப்படையில் ஏறத்தாழப் பத்தாண்டுச் சுழற்சி ஒன்று இருக்கலாம் என 1843 இன் இறுதியில் எழுதினார். அடுத்த ஆண்டு வெளியான அக்குறுங்கட்டுரையைப் பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. சுவாபே தமது நோக்கீடுகளை நிறுத்தவில்லை.

ஏற்பு

1851 இல் அலெக்சாண்டர் ஃபொன் அம்போல்ட் தமது காசுமோசு நூலில் சுவாபேயின் அட்டவணையை வெளியிட்டபின் அறிவியலாளரின் கவனம் இதன்பால் திரும்பியது. சுவிட்சர்லாந்தின் ருடோல்ஃப் உவோல்ஃப் பழைய பதிவுகளையும் ஆராய்ந்து, சுழற்சியின் சராசரிக் காலம் சுமார் 11 ஆண்டுகள் எனக் கணித்தார். புவியின் காந்தப்புல மாற்றங்களும் இச்சுழற்சியுடன் ஒத்துப்போவது 1852 இல் அறியப்பட்டது. இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் 1857 இல் சுவாபேக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1868 இல் இவர் அரச கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினரானார்.

தாக்கம்

சுவாபேயிடம் பெரிய வானாய்வகம் எதுவும் இருந்ததில்லை. சிறிய தொலைநோக்கிகளும் பல்லாண்டுத் தொடர்ச்சியுமே இவரது கருவிகள். சூரியப் புள்ளிகளை எண்ணும் பணி இன்றும் தொடர்கிறது. பெல்ஜியத்தின் பிரசெல்சில் உள்ள தரவு மையம், தொழில்சாரா நோக்குநர்கள் அனுப்பும் எண்ணிக்கைகளையும் சேர்த்தே அனைத்துலகச் சூரியப் புள்ளி எண்ணைக் கணிக்கிறது.