ஐக்கிய நாணய சங்கத்தின் முதல்வர் றைபைசன்

ஐக்கிய நாணய சங்கம் என்னும் பெயரைக் கேட்டறியாத கமக்காரர் நம் வடபகுதியில் இலர் எனலாம். ஈடு வைத்தற்கு ஒரு பரப்புக் காணியேனும் இல்லாதவனும், தன்னை அறிந்த அயலவரின் பிணையைக் கொண்டு, விதைப்புக்கு வேண்டிய பணத்தைத் தவணைக்குப் பெறலாம் என்பதே அச்சங்கத்தின் உயிர்நிலை. இவ்வொழுங்கு அரசாங்கக் கந்தோரிற் பிறந்ததன்று. ஜெர்மனியின் மேற்குப் பாகத்திலுள்ள வறிய மலைநாடொன்றிலே, கண்ணொளி குன்றிய கிராமாதிகாரி ஒருவர், ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் ஒன்றைச் செய்து பார்த்து, அது நிலையாமை கண்டு மற்றொன்றைச் செய்து, ஈற்றிலே வகுத்த ஒழுங்கு இது. அவர் பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் றைபைசன் என்பது. அவர் வரலாற்றை நம் கல்லூரி இளைஞர் அறிதல் நன்றென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

அவர் 1818ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆந் திகதி, வெஸ்டர்வால்ட் என்னும் மலைப்பகுதியில், சீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்னும் ஊரிலே பிறந்தார். பிள்ளைகள் ஒன்பதின்மருள் அவர் ஏழாமவர். தந்தையார் நோய்வாய்ப்பட்டமையாற் குடும்பம் தளர்வுற்றது. உயர்தரக் கல்விக்குப் பொருளில்லை. ஊர்ப் பாதிரியார் இட்ட கல்வியே அவர் பெற்ற கல்வி. பதினேழாம் வயதிற் பிரஷ்ய அரசின் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். அங்கே நன்மதிப்புப் பெற்று வருங்காலத்திற் கண்ணோய் பற்றியது. 1843இற் படைத்தொழிலை விடநேர்ந்தது. எழுதுவினைஞராகச் சிலகாலம் இருந்தபின், 1845இல் வெயர்புஷ் என்னும் பகுதிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். சிற்றூர்கள் பலவற்றை ஒருங்கே மேற்பார்வை செய்யும் அப்பதவி, முன்னாளில் நம் நாட்டிலிருந்த மணியகாரர் பதவியை ஒருவாறு ஒத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

பதவியேற்ற மறுவருடமே பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. 1846இல் தானிய விளைவும் பொய்த்தது. அரசாங்கம் மாவை அனுப்பியது. ஆனால் ரொக்கப் பணம் கொடுப்போர்க்கு மாத்திரமே விற்றல் வேண்டும் என்னும் கட்டளையையும் உடனனுப்பியது. பணமுள்ளவனுக்கு மா வேண்டுவதில்லை. மா வேண்டியவனிடம் பணமில்லை. றைபைசன் கட்டளையைப் பொருட்படுத்தாது, பசித்தோர்க்குக் கடனாகவே மாவைப் பங்கிட்டார். உத்தியோகத்துக்கு இடர் வருமென்பதை அவர் அறியாதவரல்லர். பின்னர் ஊரிலுள்ள செல்வரை அழைத்து ஒரு நிதி சேர்த்து, அதனைக்கொண்டு தானியம் வாங்குவித்து, பொதுவான வெதுப்பகம் ஒன்றையும் கட்டுவித்தார். சந்தை விலையிலும் மிகக் குறைந்த விலைக்கு அங்கே பாண் கொடுக்கப்பட்டது. பஞ்சம் நீங்கியபின் வறியோர் தாம் பட்ட கடனை இறுத்தனர். நாம் கருதுமளவில், இதுவே அவர் வாழ்நாளிற் கற்ற பாடங்களுட் பெரியது. வறியவன் வாக்கை நம்பலாம் என்பதை அவர் நூலிற் படித்து அறிந்தாரல்லர்.

பள்ளிக்கூடமும் தெருவும் அமைப்பதிலும் அவர் ஊக்கமுடையவராயிருந்தார். இறைன் நதிவரை செல்லும் தெருவொன்று அவர் பெயரை இன்றுந் தாங்கியுள்ளது.

1848இற் பிளமர்ஸ்பெல்ட் என்னும் பகுதிக்கு மாற்றம் பெற்றார். அங்கே கண்டது வேறுவகைத் துன்பம். வியாபாரி ஒருவன் தன் மெலிந்த பசுவைக் கமக்காரன் தொழுவத்திற் கொண்டுவந்து கட்டுவான். கமக்காரன் தீனிபோட்டு வளர்ப்பான். பசு கொழுத்ததும் வியாபாரி அதனை அவிழ்த்துச் சென்று, மற்றுமொரு மெலிந்த பசுவைக் கட்டிவிடுவான். கன்றிலும் அவனுக்குப் பங்குண்டு. நம்மூரிற் பசுவை வாரத்துக்கு விடும் வழக்கத்தை அறிந்தோர், அது அறாவட்டிக்காரன் கையிற் சிக்கினால் எவ்வாறாகும் என்பதை எளிதில் ஊகிப்பர். 1849 டிசம்பரில் றைபைசன், வசதிபடைத்தோர் அறுபதின்மர் வரையிற் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அவர்கள் தம் உடைமை முழுவதையும் பிணையாக வைத்துப் பணம் கடன்பெற்று, மாடு வாங்கிக் கமக்காரருக்குக் கொடுத்தனர். விலையை ஐந்து வருடத் தவணையில் இறுக்கலாம். மாடு முதல் நாளிலிருந்தே கமக்காரனுக்குச் சொந்தம்.

1852இல் நொய்வீட் நகரையடுத்த ஹெட்டஸ்டோர்ப்புக்கு மாறினார். 1854இல் அங்கேயும் ஒரு தரும சங்கம் எழுந்தது. ஆதரவற்ற சிறுவரைப் பராமரித்தல், சிறையினின்று மீண்டோர்க்குத் தொழில் தேடிக் கொடுத்தல், வாசிகசாலை அமைத்தல், கடன் கொடுத்தல் என அதன் நோக்கங்கள் பல. காலம் செல்லச் செல்லக் கடன் கொடுத்தல் ஒன்றே எஞ்சியது. செல்வரின் ஆர்வம் தணிந்தது. தமக்கு ஒருபயனும் இல்லாத கடனுக்குத் தம் காணியையும் வீட்டையும் பிணைவைத்திருப்பார் எத்துணைக் காலம் பொறுப்பர்? இரக்கம் பஞ்சகாலத்தைத் தாண்டி நில்லாது என்பதை றைபைசன் மனவருத்தத்தோடு உணர்ந்தார். கிறிஸ்தவ அன்பையே தம் பணிக்கு அடிப்படையாகக் கொண்ட அவருக்கு இவ்வுண்மை எளிதில் ஏற்கத்தக்கதாயிருக்கவில்லை. ஆயினும் 1864இல், கடன் பெறுவோரே சங்கத்தவராதல் வேண்டும் என்னும் விதியோடு ஹெட்டஸ்டோர்ப்புக் கடன் சங்கத்தை அமைத்தார். கொடுப்போர் ஒருபுறம், கொள்வோர் ஒருபுறம் என்னும் பிரிவு அன்றோடு ஒழிந்தது.

அதன் விதிகள் எளியன. ஒரு சங்கத்தின் எல்லை ஓரூர் அல்லது ஒரு கோவிற்பற்று. ஒருவன் வாங்கிய கடனுக்கு எல்லோரும் வரையறையின்றிப் பொறுப்பாவர். ஆகவே, யார் உழைப்பாளி, யார் குடிகாரன் என்பதை ஒருவர்க்கொருவர் அறிந்திருத்தல் இன்றியமையாததாயிற்று. கடன் எக்காரியத்துக்கெனப் பெறப்பட்டதோ அக்காரியத்துக்கே செலவாதல் வேண்டும். நிருவாகிகளுக்குச் சம்பளமில்லை, கணக்கர் ஒருவருக்கே கூலி. வரும் இலாபத்தைப் பங்கிடாது, பிரிக்கப்படாத சேமநிதியாக வைத்தல் வேண்டும்.

1863இல் அவர் மனைவியார் இறந்தார். கண்பார்வையோ பெரும்பாலும் மங்கிவிட்டது. 1865இற் சிறு ஓய்வூதியத்தோடு பதவியினின்று விலக்கப்பட்டபோது வயது நாற்பத்தேழு. குடும்பத்தைத் தாங்கச் சுருட்டுத் தொழிலொன்று தொடங்கினார், அது கைகொடுக்கவில்லை. (சுருட்டால் வாழ்ந்த நம் யாழ்ப்பாணத்தார் இதனைக் கேட்டு வியப்பர்!) பின்னர் முந்திரிகை மது வியாபாரம் அவருக்குச் சீவனமளித்தது. 1866இற் கடன் சங்கங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் மூத்த மகள் அமாலியா. கடிதமும் கணக்கும் அவர் கையாலேயே எழுதப்பட்டன. மணஞ்செய்யாது தந்தையாரின் கண்ணாக வாழ்ந்த அப்பெண்மணியின் பெயரைக் கூட்டுறவு வரலாறு எழுதுவோர் பலர் ஓரிரு வரிகளோடு விட்டுவிடுவது நமக்கு உவப்பன்று.

சங்கங்கள் பெருகியபோது எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர் வட்டிக்காரர் மாத்திரமல்லர். பட்டினங்களிற் கைவினைஞருக்கெனக் கூட்டுறவு வங்கிகளை நிறுவிய ஷுல்ட்ஸ டெலிச் என்னும் பேரறிஞரே முன்னின்றார். குறுகிய தவணைக்கு வைக்கப்படும் பணத்தைக் கொண்டு, பல வருடத் தவணைக்குக் கடன் கொடுத்தல் ஆபத்து என்பது அவர் வாதம். கணக்கியலின்படி அவ்வாதம் பிழையன்று. ஆனால் மூன்று மாதத்தில் வளர்ந்து பால் தரும் பசு உலகிலில்லை என்பதைப் பட்டினத்தார் எண்ணிலர். ஓரூரின் மிகுதிப் பணத்தை மற்றோரூரின் தேவைக்கு உதவச்செய்தற்பொருட்டு றைபைசன் 1872இல் நொய்வீட்டில் மத்திய வங்கியொன்றை நிறுவியிருந்தார். ஷுல்ட்ஸ பாராளுமன்றத்தில் எழுப்பிய வினாவினால் அவ்வமைப்பைக் கலைத்து, 1876இல் வேறு வடிவிலே தொடங்க நேர்ந்தது.

குறையொன்றையும் மறைத்தல் தகாது. வட்டிக்காரரையும் மாட்டு வணிகரையும் கண்டிக்கப் புகுந்த றைபைசன், யூத இனத்தவர்மேற் பொதுப்பழி சுமத்தும் கருத்துடையவராயுமிருந்தார். அக்காலத்து ஜெர்மனியிற் பலரிடம் இருந்த நோய் அது என்பது உண்மையே. அதனால் அது நோயன்று என ஆகாது. அந்நாட்டிற் பின்னாளில் நிகழ்ந்த கொடுமைகளை அறிந்த நாம் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

1888 மார்ச் 11ஆந் திகதி, எழுபதாம் வயது நிறைதற்குச் சில நாட்கள் முன்னராக, ஹெட்டஸ்டோர்ப்பில் அவர் காலமானார். அப்போது அவர் முறையைத் தழுவிய சங்கங்கள் நானூறுக்கு மேல் இருந்தன. சென்னை மாகாண அரசின் பொருட்டு ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன், 1895 முதல் வெளியிட்ட அறிக்கையில் றைபைசன் வழியையே பெரிதும் வற்புறுத்தினார். 1904இல் இந்தியாவிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. இலங்கையிற் சட்டம் 1911இல் வந்தது. அதன்கீழ் நம் ஊர்களில் எழுந்த பழைய நாணய சங்கங்களும் வரையறையில்லாப் பொறுப்புடையனவே. கடன் கேட்டு வந்தவனிடம், பணம் எதற்கு என அவற்றின் நிருவாக சபையார் முதலிற் கேட்ட கேள்வி, ஹெட்டஸ்டோர்ப்பிலே கேட்கப்பட்ட அதே கேள்விதான்.