வாத்தியார்களுக்கு வாத்தியார்

தமிழ்நாட்டில் படித்த உங்கள் தாத்தாவிடம் அவருடைய பி.டி. வாத்தியாரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கணக்கு வாத்தியாரின் பெயர் மறந்திருந்தாலும் விசிலோடு நின்ற அவரை மறந்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட வாத்தியார்களை உருவாக்க ஒரு கல்லூரியையே தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்.

கதையின் வேர் நம் லண்டனில் இருக்கிறது. செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் அருகே ஒரு துணிக்கடையில் வேலைபார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ், 1844-ல் தன் நண்பர்களோடு ஜெபத்துக்காகவும் வேதவாசிப்புக்காகவும் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். அது அமெரிக்காவுக்குப் போனபின் உடற்பயிற்சிக் கூடங்களும் கட்டியது. அங்கே ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில்தான் 1891-ல் கூடைப்பந்து பிறந்தது. பக் படித்ததும் அங்கேதான்.

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் பள்ளிகளில் இருந்தது பெரும்பாலும் டிரில். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று அதட்டுவார்கள். படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று பெற்றோரும் கேட்டார்கள். (தேர்வு நெருங்கினால் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான்!)

பக் நினைத்திருந்தால் நல்ல அணி ஒன்றைச் சேர்த்துக் கோப்பைகளை வாங்கிக் குவித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஓர் அணியைப் பழக்கினால் பலன் சில பேருக்கு. ஓர் ஆசிரியரைப் பழக்கினால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைச் சிறிய அளவில் ஆரம்பித்தார். ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். சண்டையில்லாமல் ஆட விதிகள் வேண்டுமே! அதற்கும் ஒரு நூல் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு அவரே மேலாளர். ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்த எரிக் லிடெல், 400 மீட்டரில் தங்கம் வென்ற அதே ஒலிம்பிக்தான். நம்மவர்களுக்குப் பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. பக் சென்னைக்குத் திரும்பி மறுபடியும் ஆசிரியர்களைப் பழக்கும் வேலையில் இறங்கினார்.

1943-ல் சென்னையிலேயே அவர் காலமானார். இந்திய உடற்கல்வியின் தந்தை என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது. புத்தகக் கண்காட்சிக்குப் போன பெரியவர்களுக்கு அந்த மைதானம் தெரியும். அடுத்த விடுமுறைக்குச் சென்னை போனால், உங்களையும் அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.